பாழடைந்த மனநோய் மருத்துவமனைகளும் பார்வையாளர் கலையும்: ஒரு விமரிசன நோக்கு

ஊர்ப்பெயர் ஒன்று நாளடைவில் நோயின் பெயராகி, பின்னர் வசைச்சொல்லாகவும் தேய்ந்துவிடுவது உலக மொழிகள் பலவற்றிற் காணப்படும் வழக்காகும். 1247ஆம் ஆண்டு லண்டனில் நிறுவப்பட்ட பெத்லகேம் மடத்தின் பெயர் மருவி, ஆங்கிலத்தில் பெருங்கூச்சலையும் குழப்பத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றாலும் வடமராட்சியில் மந்திகை என்றாலும் கேட்போர் ஊரை நினைப்பதில்லை. கல்முனைக் கரையோரத்தில் அத்தகைய சொல் அங்கொடை என்பதாகும். பாண்டிருப்பிலோ மருதமுனையிலோ ஒருவன் சற்று முறைதவறிப் பேசினால், “இவன அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்” என்று சிறுவரும் கூறுவர். அவ்வாறு கூறுவோரிற் பலர் முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அவ்விடத்தைக் கண்ணாற் கண்டவரல்லர். காணாத ஒரு கட்டடம் மொழிக்குள் இத்துணை ஆழமாகக் குடியேறியிருப்பது சிந்திக்கத்தக்கது. மனநோய் மருத்துவமனைகளின் இடிபாடுகளைப் பற்றி மேலைநாடுகளிற் பெருகியுள்ள கலையாக்கங்களை மதிப்பிட முனையும்போது இச்செய்தியை மறந்துவிடலாகாது.

கடந்த மூன்று, நான்கு பத்தாண்டுகளில், மூடப்பட்ட தொழிற்சாலைகள், சுரங்க வழிகள், மருத்துவமனைகள் முதலியவற்றுள் அனுமதியின்றிப் புகுந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளைஞர் பலரின் ஈடுபாடாக வளர்ந்துள்ளன. 1996இல் ரொறன்ரோ நகரிலிருந்து ஜெஃப் சப்மன் என்பவர் புனைபெயரில் வெளியிடத் தொடங்கிய சிறுசஞ்சிகை இவ்வீடுபாட்டுக்கு ஓரளவு கோட்பாட்டையும் ஒழுக்கவிதியையும் வகுத்துத் தந்தது. எதையும் உடைக்கக் கூடாது, எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, படம் மட்டுமே எடுக்கலாம் என்பன அவ்விதிகளுட் சில. சப்மனின் முன்முயற்சிகளுள் ஒன்று, தாம் நோயாளராகத் தங்கியிருந்த மருத்துவமனையின் பின்வழிகளையே சுற்றிப் பார்த்தமையாகும். நோயாளரே ஆய்வாளராகவும் அமைந்த அத்தொடக்கம் பின்வந்தோரின் ஆக்கங்களிற் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அவர்களுக்குக் கட்டடம் எஞ்சியது. கட்டிலிற் கிடந்தவர் எஞ்சவில்லை.

இக்கட்டடங்கள் ஏன் எழுந்தன, ஏன் வெறுமையாயின என்பதைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் தகும். தோமஸ் கேர்க்பிறைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1854இல் வெளியிட்ட நூலில், கட்டட அமைப்பே நோய்க்கு மருந்தாகும் என்ற கருத்தை முன்வைத்தார். நடுவில் நிருவாகக் கட்டடமும் அதன் இருமருங்கிலும் படிப்படியாகப் பின்வாங்கிச் செல்லும் சிறகங்களும் அமையவேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒளியும் காற்றும் கிடைக்கவேண்டும். நோயாளர் தொகை 250 அளவில் நிற்கவேண்டும் என்பன அவரது திட்டமாகும். நல்லெண்ணத்தில் எழுந்த அத்திட்டம் விரைவிலேயே அதன் எதிர்நிலையாக மாறியது. முதியோர், வறியோர், வலிப்பு நோயினர், குடும்பத்துக்கு இடைஞ்சலானோர் ஆகிய அனைவரும் அங்கு குவிந்தனர். மசாசுசெற்ஸ் மாநிலத்தில் 1878இல் திறக்கப்பட்ட டான்வேர்ஸ் மருத்துவமனை, ஐந்நூறு பேர் அளவிலேயே தங்குவதற்கெனக் கட்டப்பட்டு, பின்னர் 2,000க்கும் மேற்பட்டோரை அடைத்து வைத்திருந்தது. 1955இல் ஐக்கிய அமெரிக்காவின் அரச மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5 இலட்சத்து 58 ஆயிரம் பேர் இருந்தனர். 1950களிற் புகுந்த குளோர்புறோமசீன் முதலிய மருந்துகளும் அரசுகளின் செலவுச் சிக்கனமும் ஒருங்கே செயற்பட்டன. மிஷேல் ஃபூக்கோவின் பித்து வரலாறும் ஏர்விங் கொஃப்மனின் ‘அசைலம்ஸ்’ நூலும் வெளிவந்த 1961ஆம் ஆண்டிலேயே பிரித்தானியச் சுகாதார அமைச்சர் ஈனொக் பவல் இம்மருத்துவமனைகளை மூடிவிடும் நோக்கத்தை அறிவித்தமை வியப்புக்குரிய ஒருங்கமைவாகும். மனிதாபிமானிகளும் வரவுசெலவு அதிகாரிகளும் வெவ்வேறு காரணம் பற்றி ஒரே கதவைத் தள்ளினர். கதவு திறந்தபின் வெளியே வந்தோர் எங்கே போயினர் என்ற வினாவுக்கு இரு சாராரும் போதிய விடை வைத்திருக்கவில்லை.

அவ்வாறு வெறுமையான கட்டடங்களின் கலைஞருள் முதன்மையாகக் கருதத்தக்கவர் கிறிஸ்தோபர் பேய்ன். கட்டடக்கலை பயின்ற இவர் ஆறு ஆண்டுகளில் முப்பது மாநிலங்களிலுள்ள எழுபது மருத்துவமனைகளைச் சென்று பார்த்து எடுத்த படங்கள் 2009இல் நூலாயின. நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் சாக்ஸ் அதற்குக் கட்டுரையொன்று வழங்கினார். பேய்னின் படங்கள் மலிவான அச்சத்தை நாடுவன அல்ல. பேய்க்கதைக்குரிய இருளை அவர் தவிர்க்கிறார்; பகலொளியிலேயே நீண்ட நடைகூடங்களையும் உரிந்து தொங்கும் வண்ணப்பூச்சையும் காட்டுகிறார். நோயாளரின் பெயர் பொறிக்கப்பட்ட பற்தூரிகைகள் வரிசையாகத் தொங்கும் ஓர் அலுமாரியின் படம் இந்நூலின் சிகரம் எனலாம். நோய், சிகிச்சை, கட்டுப்பாடு என்றெல்லாம் பேசும் நூல்கள் சொல்லத் தவறிய ஒன்றை அது சொல்கிறது: அங்கு வாழ்ந்தோர் காலையில் எழுந்து பல்துலக்கியோர்.

எனினும், அப்படத்தின் வலிமையே ஏனைய படங்களின் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. வண்ணம் உரிந்த சுவர் அழகாயிருப்பதற்கு அதனருகே வாழ்ந்த மனிதன் தேவைப்படுவதில்லை. ஏன், அவன் அங்கு இல்லாமை ஒரு நிபந்தனையாகவும் ஆகிவிடுகிறது. அறுபது பேர் நெருங்கிக் கிடந்த கூடத்திற் கமராவைத் தூக்கி நின்று ஒளியின் சாய்வை எவரும் இரசித்திருக்க முடியாது. பாழின் அழகியல் என்பது மக்கள் வெளியேறியமையால் மட்டுமே கைகூடும் அழகியல். இவ்வுண்மையைப் பேய்ன் உணராதவர் அல்லர். ஆனால் அவருடைய கமரா கட்டடத்தின் மீது கொண்ட காதல் அவ்வுணர்வை அடிக்கடி மேவிவிடுகிறது. சாக்ஸின் கட்டுரையே நூலைச் சமன்செய்கிறது எனல் வேண்டும். ‘அசைலம்’ என்ற சொல்லின் மூலப்பொருள் புகலிடம் என்பதை நினைவூட்டி, அங்கு கொடுமை மட்டுமன்றிச் சிலருக்கு அமைதியும் கிடைத்தது என அவர் எழுதுகிறார்.

இதிலும் கடுமையான வினாவை எழுப்புவது டேவிட் மைசலின் படத்தொகுப்பாகும். ஒரெகன் மாநில மருத்துவமனையில், உறவினர் எவரும் உரிமை கோராத ஏறத்தாழ 3,500 நோயாளரின் சாம்பல் செப்புக் கலங்களில் இலக்கமிட்டு வைக்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் பலவாக ஈரம்பட்டமையால் கலங்களின் புறத்தே நீலமும் பச்சையும் வெண்மையுமாகப் படிகங்கள் பூத்தன. 2008இல் வெளிவந்த மைசலின் படங்களில் ஒவ்வொரு கலமும் ஒரு தனி உலகம் போல ஒளிர்கின்றது. ஒரு கலத்தைப் போல் மற்றொன்று இல்லை. இலக்கமாக்கப்பட்ட மனிதர் இரசாயன மாற்றத்தின் மூலமாகவேனும் தத்தம் தனித்தன்மையை மீட்டுக்கொண்டனர் என்று இதனைப் பாராட்டியோர் உண்டு. நுட்பமான வாதந்தான். ஆயினும், மனிதனுக்கு மறுக்கப்பட்ட தனித்தன்மையைச் செம்பின் களிம்பு வழங்கியது என்று ஆறுதல் கொள்வதில் ஒருவகைச் சோம்பல் இருக்கிறது. ஒரெகனில் அதன்பின் நிகழ்ந்ததே மேலான விமரிசனமாகும். அம்மாநிலம் பெயர்ப்பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட்டது. குடும்பத்தார் பலர் வந்து தம் முன்னோரின் சாம்பலைப் பெற்றுச் சென்றனர். 2014இல் பெயர்களுடன் நினைவிடம் ஒன்று திறக்கப்பட்டது. படம் கண்களுக்குக் காட்டியதைப் பட்டியல் பேரப்பிள்ளைகளின் கையிற் சேர்த்தது.

நியூயோர்க் மாநிலத்தின் வில்லார்ட் மருத்துவமனை இவற்றுக்கெல்லாம் உரைகல்லாக அமையத்தக்கது. 1869இல் திறக்கப்பட்ட இது 1995இல் மூடப்பட்டபோது, கட்டடமொன்றின் மேன்மாடத்தில் நோயாளர் கொண்டுவந்த பெட்டிகள் நானூறுக்கு மேல் கண்டெடுக்கப்பட்டன. உடையும் கடிதமும் புகைப்படமும் தையற்பொருளும் தொழிற்கருவியும் அவற்றுள் இருந்தன. வந்த நாளிற் களஞ்சியத்திற்குச் சென்ற பெட்டி உடையவர் மரணம் வரையிலும் திறக்கப்படவில்லை. டார்பி பென்னி, பீற்றர் ஸ்ராஸ்னி ஆகிய இருவரும் அப்பெட்டிகளையும் மருத்துவக் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்துப் படித்து 2008இல் நூலொன்றை வெளியிட்டனர். கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தல் என்ற செயலின் உயர்ந்த வடிவம் இதுவே எனத் துணிந்து கூறலாம். மருத்துவர் எழுதிய குறிப்பேட்டில் ஒருவர் நோயறிகுறிகளின் தொகுதியாக மாத்திரம் வருகிறார். அவரது பெட்டியிலோ அவர் தாதியாக, துறவியாக, படைவீரராக, அகதியாக வருகிறார். இவ்விரு சாட்சியங்களும் மோதும் இடத்திலேயே நூலின் உண்மை பிறக்கிறது. அங்கேயே நோயாளராக இருந்த ஒருவர் முப்பது ஆண்டளவு ஏனையோருக்குப் புதைகுழி தோண்டி வந்தார் என்பதும், இறுதியில் அவரும் இலக்கமிட்ட மயானத்திலேயே அடங்கினார் என்பதும் அந்நூல் சொல்லும் செய்திகளாம்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. நோயாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டத்தைக் காட்டி நியூயோர்க் அதிகாரிகள் முழுப்பெயர்களை வெளியிட இணங்கவில்லை; நூலாசிரியரும், பின்னர் அப்பெட்டிகளைப் படமெடுத்த ஜோன் கிறிஸ்பினும் அக்கட்டுப்பாட்டுக்குட்பட்டே இயங்கவேண்டியிருந்தது. உயிரோடிருந்தபோது கடிதங்களை எல்லாம் பிரித்துப் படிக்க உரிமை கொண்டிருந்த நிறுவனம், இறந்தபின் அவரது பெயரைக் காக்க முற்படுவது வேடிக்கையான கண்ணியமே. ஆனால் இதனை நகைத்துத் தள்ளிவிடவும் இயலாது. பெண் பார்க்க வரும் வீட்டார் குடும்பத்திற் சித்தசுவாதீனமற்றோர் எவரேனும் உளரா என்று அயலாரை விசாரிக்கும் வழக்கம் உள்ள சமூகத்தில், பாட்டனின் பெயர் பட்டியலில் ஏறினால் பேத்தியின் கலியாணம் குழம்பக்கூடும். ஒரெகனின் வழி உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பவர் அவ்வழியின் விலையைச் செலுத்துவோர் யார் என்பதையும் எண்ணவேண்டும்.

தமிழ் இரசிகருக்குப் பழக்கமான பாழறைக் கதை வேறு வகையினது. 1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படமும், அதன் வழியாக 2005இல் தமிழில் வந்த ‘சந்திரமுகி’யும் பழைய மாளிகையில் அடைத்து வைக்கப்பட்ட அறையை ஆர்வத்தால் திறக்கும் பெண்ணைப் பற்றியன. அறை திறக்கப்படுகிறது, அவளது மனம் குலைகிறது. மூடிய கதவைத் திறத்தலே பித்துக்குக் காரணமாகும் இக்கதையமைப்பு, பாழடைந்த மருத்துவமனையை நாடிச் செல்லும் மேலைநாட்டு இளைஞனின் உள்ளத்திலுள்ள அச்சத்தைத் தலைகீழாகத் தாங்கி நிற்பதாகும். டான்வேர்ஸ் மருத்துவமனை மூடப்பட்டபின் அதனுள்ளேயே படமாக்கப்பட்டு 2001இல் வெளிவந்த ‘செஷன் நைன்’ என்ற திகிற்படமும் இதே சூத்திரத்தையே கையாண்டது: கட்டடத்தைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளியைக் கட்டடமே பித்தனாக்குகிறது. இரண்டிடத்தும் நோய் மனிதனிடமிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவரில் ஏற்றப்படுகிறது. சுவரில் ஏறிய நோய்க்கு வரலாறு இல்லை, வறுமை இல்லை, குடும்பம் இல்லை. 1999இல் வெளிவந்த பாலாவின் ‘சேது’வில் சங்கிலியோடு கிடக்கும் நாயகனையேனும் பார்ப்போர் மறத்தல் அரிது. மிகையுணர்ச்சி மலிந்த அப்படம், இவ்வொரு விடயத்தில் ஏனைய இரண்டினும் நேர்மையானது.

இனி நம் நாட்டுக் கட்டடமொன்றை நோக்குவோம். பொரளையில் இயங்கிய பழைய பைத்தியசாலை நெருக்கடியுற்றமையால், கொழும்பு கறுவாத்தோட்டப் பகுதியில் ஜாவத்தையில் புதியதொன்றைக் கட்டும் முயற்சி ஆளுநர் லோங்டன் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. கட்டடக்கலைஞர் சிமிதரின் திட்டப்படி எழுந்த அது 1889இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1873ஆம் ஆண்டுப் பைத்தியர் கட்டளைச் சட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. (1956இல் திருத்தமும் பெயர் மாற்றமும் பெற்ற அச்சட்டம், அடிப்படையில் மாற்றப்படாமலே 21ஆம் நூற்றாண்டுக்குள் வந்து சேர்ந்தது.) ஜாவத்தையிலும் இடம் போதாதாகவே அங்கொடையிற் புதிய மருத்துவமனை கட்டப்பட்டு, 1926ஆம் ஆண்டளவில் நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். வெறுமையான கட்டடம் அரச அலுவலகமாயிற்று. கணக்காய்வாளர் தலைமை அதிபதி திணைக்களம் நெடுங்காலம் அங்கு இயங்கியது. பின்னர், பாதுகாப்பு அமைச்சோடு நகர அபிவிருத்தி அதிகார சபை இணைக்கப்பட்டிருந்த காலத்தில், 2014இல் அது உயர்தர அங்காடியாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது.

வளைவுகள் கொண்ட வெண்ணிறத் தாழ்வாரங்களும் புற்றரையும் ஒளிவிளக்கும் உணவகங்களும் நிறைந்த அவ்விடத்திற் கொழும்புப் பல்கலைக்கழக மாணவரும் மாலை வேளைகளில் உலாவுவர். பழைய கட்டடமொன்று இடிக்கப்படாது காக்கப்பட்டமை பாராட்டுக்குரியதே. ஆனால் காக்கப்பட்டது எது? தாழ்வாரத்தின் வளைவு காக்கப்பட்டது. அவ்வளைவு நோயாளர் காற்று வாங்குவதற்கா, காவலர் கண்காணிப்பதற்கா, இரண்டுக்குமா என்ற வினா காக்கப்படவில்லை. அக்கட்டடத்தின் வரலாறாகச் சொல்லப்படுவனவற்றில் லோங்டனின் பெயர் வருகிறது. சிமிதரின் பெயர் வருகிறது. செலவு மிகுதியென எழுந்த வாதம் வருகிறது. உள்ளே வாழ்ந்தோர் ‘நோயாளர்’ என்ற பன்மையாக மட்டுமே வருகின்றனர். அமெரிக்காவிற் பாழாய்க் கிடந்த கட்டடம் மனிதரை மறைத்தது. கொழும்பிற் பளபளக்கும் கட்டடம் மனிதரை மறைக்கிறது. பாழ் நிலையிலேனும் வருவோன் ஒரு கணம் தயங்கி, இங்கு யார் இருந்தார் என்று கேட்க இடமுண்டு. விற்பனைக்கூடத்தில் அத்தயக்கத்துக்கும் இடம் வைக்கப்படுவதில்லை. டான்வேர்சும் 2006இலிருந்து பெரும்பாலும் இடிக்கப்பட்டு, முகப்பு மட்டும் எஞ்ச, அடுக்குமனைகளாயிற்று. 1851இல் திறக்கப்பட்டு 1993இல் மூடப்பட்ட லண்டன் ஃபிரையேர்ன் மருத்துவமனையும் செல்வர் வாழும் மனைத்தொகுதியாகிவிட்டது. நிலத்தின் விலை எந்தக் கலைஞனிலும் விரைந்து தொழிற்படுவது.

ஃபிரையேர்னைப் பற்றிய மிகச் சிறந்த நூலை எழுதியவர் அதைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர் அல்லர். அதில் நோயாளராக இருந்தவர். வரலாற்றாசிரியர் பார்பரா ரெய்லர் 1980களின் இறுதியில் அங்கு தங்கியவர். 2014இல் வெளிவந்த தம் நூலில் தம் நோய்க்கதையையும் அந்நிறுவனத்தின் வரலாற்றையும் பின்னிச் செல்கிறார். அதன் நாற்றத்தையும் வன்முறையையும் அவர் மறைப்பதில்லை. அதே வேளை, வேறெங்கும் நிற்க முடியாத காலத்தில் நிற்பதற்கு ஓரிடமாகவும் உடனிருப்போரின் நட்பாகவும் அது இருந்தது என்பதையும் மறுப்பதில்லை. மூடுதலே விடுதலை என்ற எளிய சூத்திரத்தை உள்ளிருந்து வந்த ஒருவர் கேள்விக்குட்படுத்துவதால் இந்நூல் கனமுடையதாகிறது. நூலின் பிற்பகுதியில் கொள்கை விவாதம் சற்று நீண்டு, தன்கதையின் செறிவு தளர்கிறது என்பது உண்மையே. ஆயினும் கட்டடத்தின் நடைகூடங்கள் வாசகர் மனத்தில் எழுந்து நிற்கின்றன. பேய்னின் எழுபது மருத்துவமனைகளும் எட்டாத இடம் இது.

பாண்டிருப்பின் பக்கம் திரும்பினால் நிலைமை வேறாகத் தோன்றும். இங்கே பாழடைந்த பைத்தியசாலை கிடையாது, கட்டப்பட்டிருந்தாலன்றோ பாழடைவதற்கு! மனங்கலங்கியவரைப் பேணும் பொறுப்பு வீட்டுத் திண்ணைக்கும் கோயில் வீதிக்கும் பள்ளிவாசல் முற்றத்துக்குமே உரியதாயிருந்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயச் சடங்கில் உருவேறி ஆடுவோர் அந்நாட்களிற் பித்தராகக் கருதப்படுவதில்லை. அவர் வாக்குக்கு ஊர் காத்திருக்கும். அயலிலுள்ள கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயராற் கொடியேறும் காலத்தில் நேர்ச்சையோடு வருவோருள் மனநோயுற்றோரை அழைத்து வருவோரும் உண்டு. ஓதிய தண்ணீரும் கட்டிய நூலும் இரு சமூகத்தார்க்கும் பொதுவானவை. இறைவனையே பித்தன் என்று விளித்த சுந்தரரும், பேரின்ப மயக்கைக் குறிக்கும் மஸ்தான் என்ற பட்டத்தைப் பெயரோடு தாங்கிய குணங்குடியாரும் பித்துக்கு மதிப்பான இடமொன்றைத் தமிழில் வைத்துச் சென்றுள்ளனர்.

இதைக் கொண்டு, சுவரில்லாத சமூகம் சுவருள்ள சமூகத்திலும் மனிதப்பண்பு மிக்கது என்று பெருமை பேசுவோர் உளர். அவர்களுக்கு ஏர்வாடி விடை கூறும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடித் தர்கா அருகே தனியார் நடத்திய காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப முடியாது 28 பேர் இறந்தனர். வணக்கத் தலத்தின் அருளை நாடி உறவினரால் விட்டுச் செல்லப்பட்டோர் அவர்கள். அங்கு ஃபூக்கோ கண்டித்த மாபெரும் நிறுவனம் இருக்கவில்லை; கேர்க்பிறைட்டின் சிறகங்களும் இருக்கவில்லை. ஓலையும் சங்கிலியும் போதுமாயிருந்தன. அடைத்து வைத்தலின் வரலாற்றைக் கற்கட்டடங்களின் வரலாறாக மட்டும் எழுதுவதன் பிழை இதனால் விளங்கும். ஓலை எரிந்தால் பாழ் எஞ்சாது. படமெடுக்கப் பிற்காலத்தில் எவரும் வரமாட்டார்.

பாழைப் பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என்ற உறவில் இக்கரையோர மக்களுக்குத் தனி அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது; கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனைக் கரைகள் சின்னாபின்னமாயின. அடுத்த வாரங்களில் உலகின் கமராக்கள் இங்கு வந்தன. கூரையற்ற வீடு, தனித்து நிற்கும் கதவுநிலை, மணலிற் புதைந்த பாடப்புத்தகம் ஆகியவை திரும்பத் திரும்பப் படமாக்கப்பட்டன. அவற்றுட் பல நல்ல படங்களே; உதவியையும் கொண்டுவந்தன. ஆனால் தன் வீட்டுக் கதவுநிலை அந்நியரின் அழகியற் பொருளாகும் கணத்தில் அருகே நின்றவளின் உணர்வு எத்தகையது என்பதை, டான்வேர்ஸ் மதிலேறிக் குதித்த இளைஞர் அறியார், பாண்டிருப்பு அறியும். பாழின் படங்களைப் பற்றி இப்பிரதேசத்து வாசகர் சொல்லக்கூடிய விமரிசனம் நூலறிவால் மட்டும் வருவதன்று.

அப்பேரழிவை அடுத்து இன்னொன்றும் நிகழ்ந்தது. உளநலச் சேவையைக் கொழும்பு சார்ந்த பெருமருத்துவமனைகளிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்பும் நோக்கை உடைய தேசிய மனநலக் கொள்கை 2005இல் ஏற்கப்பட்டது. அங்கொடை மருத்துவமனை 2008இல் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இக்காலத்திற் கல்முனையிலேயே உளநலச் சிகிச்சை பெறலாம். சிகிச்சை ஊருக்கு வந்துவிட்டது. ஏச்சில் அங்கொடை மட்டும் அங்கேயே நிற்கிறது.

பாழையும் அங்காடியையும் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டென்பதற்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரைச் சான்றாகக் காட்டுவர். 1971இல் அங்கு சான் ஜியோவான்னி மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற பிராங்கோ பசாலியா வாயில்களைத் திறந்தார். 1973இல் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து நீல நிறத்தில் பெரிய குதிரையுருவொன்றைச் செய்து நகருக்குள் ஊர்வலமாக இழுத்துச் சென்றனர். மருத்துவமனைத் துணி வண்டியை இழுத்துவந்த குதிரையின் பெயரால் மார்க்கோ கவாலோ என்று அதனை அழைத்தனர். குதிரை வாயிலிலும் பெரிதாயிருந்தமையால் வாயிலை உடைத்தே வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. 1978இல் இத்தாலிய நாடாளுமன்றம் இயற்றிய 180ஆம் இலக்கச் சட்டம் புதிய மனநோய் மருத்துவமனைகளைக் கட்டுவதைத் தடுத்தது. இன்று அவ்வளாகத்திற் பல்கலைக்கழகத் துறைகளும் சுகாதார அலுவலகங்களும் ரோசாத் தோட்டமும் உள்ளன. அங்கேயும் உலாவச் செல்வோர் உண்டு. ஆனால் அவர்களோடு சிகிச்சை பெறுவோரும் அதே பாதையில் நடக்கின்றனர். ஜாவத்தைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கட்டடக்கலையில் இல்லை.

ரெய்லரின் நூலை ஒத்த நூலொன்று கிழக்கிலங்கைத் தமிழில் எழுதப்படுமாயின், அது நடைகூடத்திலன்றி நெடுஞ்சாலையிற் தொடங்க வேண்டியிருக்கும். சிபாரிசுக் கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மகனை யன்னலோர இருக்கையில் இருத்தி, இரவு பஸ்ஸிற் கொழும்புக்குப் போகும் தாய் அதில் வருவாள். ‘மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது’ என்று அயலாருக்கு அவள் சொல்லிவைத்த பொய்யும் வரும். சிங்களமே பெரிதும் புழங்கும் விடுதியில் ‘எப்போதிருந்து இப்படி?’ என்று அவளிடம் கேட்கப்படும். அவள் கடலைப் பற்றியும் காணாமற்போன மூத்தவனைப் பற்றியும் நெடுநேரம் சொல்வதை, மொழிபெயர்க்க வந்த சிற்றூழியர் இரண்டு சொற்களிற் சுருக்கித் தாதியிடம் கூறுவார். குறிப்பேட்டில் அந்த இரண்டு சொற்களே பதியப்படும்.